வேரியும் காப்பியும்: கொல்லிமலையின் பருகுபொருள் வரலாறு

தோற்றுவாய்

புறநானூற்றின் 152ஆம் பாடலை மாணவர்க்குப் பாடம் சொல்லும்போதெல்லாம் ஓரிடத்தில் என் குரல் சற்றே விரைந்ததுண்டு. வல்வில் ஓரி பாணர் சுற்றத்திற்கு ஊன் அளித்தான், பொன் அளித்தான், மணி அளித்தான் என்பவற்றை நிறுத்தி நிதானமாக விளக்குவேன். இடையில் அவன் வேரியும் அளித்தான் என்பதை மட்டும் 'பருகத் தந்தான்' என்று சொல்லிக் கடந்துவிடுவேன். பெண்ணொருத்தி வகுப்பில் நின்று மதுவைப் பற்றி விளக்குவதில் எனக்கிருந்த தயக்கமே அதற்குக் காரணம். ஒருமுறை கொல்லிமலையிலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருத்தி பாடம் முடிந்தபின் எழுந்து, "அம்மா, ஓரி கொடுத்தது தேனா, கள்ளா? நோட்சில் தேன் என்று போட்டிருக்கிறதே" என்று கேட்டாள். வேரி என்னும் சொல்லுக்குத் தேன், மணம் முதலிய பொருள்களும் உண்டாகலின் உரைச்சுருக்கம் எழுதியவர் பாதுகாப்பான பொருளைத் தெரிந்தெடுத்திருக்கிறார். ஆயினும் அப்பாடலின் சூழலில் அது மதுவே என்று அவளிடம் கூறினேன். "எங்கள் மலையில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியும் அம்மா" என்று சொல்லிவிட்டு அவள் அமர்ந்தாள்.

அச்சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்து. ஒரு மலையின் மக்கள் எதைப் பருகினர், எதனை விலக்கினர், எதனை விளைவித்து விற்றனர் என்பதும் வரலாறே. கொல்லிமலையைப் பொறுத்தவரை அவ்வரலாறு சங்கப் பாடலில் தொடங்கி, 1937ஆம் ஆண்டின் சட்டத்தைக் கடந்து, இன்றைய காப்பித் தோட்டம் வரை நீள்கின்றது. அதனைச் சுருக்கமாகத் தொகுத்துக் காண்பதே இங்கு நோக்கம்.

ஓரி அளித்த வேரி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் இம்மாவட்டம் தனியே பிரிக்கப்படும்வரை சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மலைமீது செல்ல இயலும். தேவார வைப்புத்தலமாகிய அறப்பள்ளியும், ஐயாறு வீழ்ந்து பாயும் ஆகாயகங்கை அருவியும் இம்மலையில் உள்ளன. கொல்லிப்பாவை பற்றிய குறிப்புகள் நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு ஆகிய தொகைகளில் பயின்று வருதலைத் தமிழறிஞர் நன்கறிவர்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகச் சிறுபாணாற்றுப்படை எண்ணும் ஓரி இம்மலைக்கு உரியவன். வன்பரணர் பாடிய புறநானூறு 152ஆம் பாடல் ஒரு வேட்டைக் காட்சியை விரிக்கின்றது. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தனையும் ஊடுருவிச் சென்று தைக்கின்றது. எய்தவன் யாரென அறியாத பாணர் சுற்றம் அவனைச் சூழ்ந்து பாடுகின்றது. தன் புகழைத் தன்முன் கேட்க நாணும் அவ்வேட்டுவன், தான் கொன்ற மானின் கொழுப்புடைய ஊனையும், பசுநெய்யை உருக்கினாற்போன்ற வேரியையும், தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிக்குவையையும் அக்காட்டு வழியிலேயே நல்குகின்றான்.

இப்பாடலில் நாம் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, வேரிக்குக் கூறப்பட்ட உவமை. உருக்கிய நெய் போன்றது என்றமையால் அது தெளிந்ததும் பொன்னிறமுடையதும் ஆதல் வேண்டும். கலங்கிய கள்ளுக்கு அவ்வுவமை பொருந்தாது. நன்கு முதிர்ந்து வடிந்த தேறலையே புலவர் குறித்தார் எனக் கொள்ளலாம். இரண்டாவது, அது வேட்டைக் களத்தில், கானகத்தின் நடுவே கிடைக்கின்றது. அரண்மனைக் கலத்திலிருந்து வந்ததன்று. மூன்றாவது, அது ஊனோடு சேர்த்து அளிக்கப்படுகின்றது. உணவும் மதுவும் ஒருங்கே, பசித்து வந்தவர்க்குக் கொடுப்பவன் கையாலேயே கிடைக்கின்றன. அடுத்த பாடலிலும் (153) வன்பரணரே ஓரியின் கொடையைப் பாடுகின்றார். பசி தீர்ந்த மகிழ்ச்சியில் கூத்தர் ஆடலும் இயலாராய்ப் பாடலும் மறந்தனர் என்கின்றார்.

ஓரியின் முடிவு துயரமானது. முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியை அகநானூறு 209ஆம் பாடல் தருகின்றது. பின்னர்த் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் பெயரோடும் கொல்லி இணைத்துப் பேசப்படுகின்றது. மலையின் பொன்னும் மணியும் அதன் போர்களுக்குக் காரணமாயின எனலாம். வேரிக்காக எவரும் போரிட்டிலர். எனினும் ஓரியின் பெயரோடு அது பாடலில் நின்றுவிட்டது.

மூங்கிலும் சுனையும்

ஓரி நல்கிய வேரி எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை அப்பாடல் கூறவில்லை. ஆயினும் குறிஞ்சி நிலத்து மது ஆக்கம் பற்றிப் பிற பாடல்கள் விரிவாகவே பேசுகின்றன. ஆய் அண்டிரனைப் பாடும் புறநானூறு 129ஆம் பாடலில், குறவர் வளைந்த மூங்கிலில் முதிர்ந்த தேறலைப் பருகி, வேங்கை மர முற்றத்தில் குரவை ஆடுகின்றனர். நன்னனைப் பாடும் மலைபடுகடாத்தில், மூங்கிற் குழாயில் விளைந்த தேன்தேறலைக் கூத்தர் நிரம்பப் பருகுவதும், மறுநாள் வைகறையில் அம்மயக்கம் தீர்வதும் சொல்லப்படுகின்றன. அம்மயக்கத்திற்கு அந்நூல் 'பழஞ்செருக்கு' என்று பெயரிடுகின்றது. முந்தைய இரவின் மது மறுநாட் காலையில் தரும் அசதியை ஒரே சொல்லில் அடக்கிய இவ்வழகிய ஆட்சி இன்று வழக்கிழந்து போயிற்று.

அகநானூறு 348ஆம் பாடல் செய்முறையையே தருகின்றது. மாம்பழச் சாறும் பலாச்சுளையும் தேனும் கலந்து மூங்கிலில் இட்டு முதிர வைக்கின்றனர். பாம்பின் கடுப்பைப் போன்று ஏறும் அம்மதுவை முதலில் மலைத்தெய்வத்திற்குப் படைத்துப் பின்னர்ப் பருகுகின்றனர். பருகிய களிப்பில் தினைப்புனக் காவலை மறந்துவிடப் புனத்தை யானை மேய்ந்துவிடுகின்றது. மதுவின் இன்பத்தையும் அதனால் விளையும் இழப்பையும் ஒரே பாடலில் வைத்த புலவரின் நேர்மை போற்றத்தக்கது.

கபிலரின் அகநானூறு 2ஆம் பாடலோ மனிதர் கைபடாத மதுவைக் காட்டுகின்றது. முதிர்ந்த வாழைக் கனியும் பலாச்சுளையும் பாறைச் சுனையில் வீழ்ந்து ஊறித் தேறலாக மாறுகின்றன. நீரென்று எண்ணி அதனைப் பருகிய கடுவன், அருகிலுள்ள மரத்தில் ஏறமாட்டாது மலர்ப்படுக்கையில் துயில்கின்றது. இதனைப் புலவரின் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. தேன் மிகச் செறிவானது. அச்செறிவிலே மதுவை ஆக்கும் நுண்ணுயிர்கள் பெருகா. அதில் நீரோ பழச்சாறோ கலந்து அதன் செறிவு குறைந்தால்தான் நொதித்தல் தொடங்கும். பழத்தோலின்மேல் அந்நுண்ணுயிர்கள் இயல்பாகவே உள்ளன. ஆகவே கனியும் தேனும் நீரும் வெயிற்பட்ட பாறைக் குழியில் ஒன்றுசேர்ந்தால் தேறல் தானே விளையும். கணுக்களால் இருபுறமும் அடைபட்ட மூங்கிலும் அத்தகைய பாறைக் குழிக்கு மனிதர் கண்ட மாற்றே. குறவர் இதனை இயற்கையைக் கண்டே கற்றனர் என்று கருத இடமுண்டு.

மூங்கிலும், பலாவும், வாழையும், தேனும் கொல்லிமலையின் பொருள்களே. இன்றும் பலாவும் தேனும் இம்மலைக்குப் பெயர் தருகின்றன. ஆகலின் ஓரியின் வேரி இவ்வகையினதாகவே இருந்திருக்கும் என்று கொள்வது மிகையன்று.

முளைநெல்லும் சாடியும்

மலையில் கனியும் தேனும் மதுவாயின; சமவெளியில் தானியம் மதுவாயிற்று. மேனாட்டார் 'பீர்' என்று அழைக்கும் தானிய மதுவிற்கு நிகரான ஒன்று தமிழகத்தில் இருந்ததா என்று வினவுவார்க்குப் பெரும்பாணாற்றுப்படை விடை தரும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல், குற்றாத கொழியலரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயையுடைய தட்டில் ஆறவைத்து, அதனொடு 'நல்லடை' என்பதைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியில் முதிரச்செய்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் முறையை வரிசைப்படக் கூறுகின்றது. நல்லடையின் தோற்றத்திற்குப் புற்றாஞ்சோறு உவமையாகின்றது. இதனை நெல்முளை என்று உரை விளக்கும்.

இங்கு முளை என்பதே உயிர்நிலை. தானியத்தின் மாவுப்பொருள் நேரே மதுவாக மாறாது. அது முதலில் சருக்கரையாக வேண்டும். தானியம் முளைவிடும்போது அதனுள் தோன்றும் நொதிப்பொருள்கள் அம்மாற்றத்தைச் செய்கின்றன. வாற்கோதுமையை முளைக்க வைத்து மது வடித்த சுமேரியர் நின்காசி என்னும் தெய்வத்தைப் போற்றி எழுதிய பாடல் ஏறத்தாழ கி.மு. 1800 காலத்துக் களிமண் பலகைகளில் கிடைத்துள்ளது. அது தெய்வத் துதியாகவும் செய்முறைக் குறிப்பாகவும் விளங்குகின்றது. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்க சான்று நம் பெரும்பாணாற்றுப்படை. வேதியியல் தோன்றுமுன்பே முளையின் ஆற்றலை இரு நாட்டாரும் கண்டறிந்திருந்தனர்.

அயல்நாட்டு மதுவும் தமிழகத்திற்கு வந்தது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த தண்ணறுந் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகுவதை நக்கீரர் புறநானூறு 56ஆம் பாடலில் குறிக்கின்றார். 1945ஆம் ஆண்டு அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் கிடைத்த மதுச்சாடிகளின் ஓடுகள் இதற்குச் சான்று பகர்கின்றன. பாண்டியன் பருகியது கடல்கடந்து வந்த தேறல். ஓரி பருகத் தந்தது தன் மலையில் விளைந்தது. பொன்னை மட்டுமன்றி மதுவையும் தன் நிலத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தான் என்பது ஓரிக்குரிய தனிச்சிறப்பு.

கள்ளுண்ணாமையும் மதுவிலக்கும்

சங்கப் பாடல்கள் காட்டும் இந்நிலைக்கு மறுதலையாகத் திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமை நிற்கின்றது. வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே அது வைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. சமணமும் பௌத்தமும் பரப்பிய ஒழுக்க நெறியின் செல்வாக்கு இதில் உண்டென்பர். அன்றுமுதல் தமிழர் சிந்தனையில் இவ்விரு குரல்களும் ஒருங்கே ஒலித்து வந்துள்ளன. ஒன்று மற்றொன்றை முற்றிலும் வென்றதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கள்ளுண்ணாமையின் குரல் அரசியல் இயக்கமாக எழுந்தபோது, அதன் களமாக விளங்கியது கொல்லிமலை அடங்கிய இப்பகுதியே என்பது வியப்பிற்குரியது. 1921ஆம் ஆண்டில் ஈரோட்டில் நடைபெற்ற கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்நின்றனர். பெரியார் ஈ.வெ.ரா. சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் தமக்குரிய தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டிற்கு அருகே புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழ் வெளிவந்தது. கல்கி அதில் பணிபுரிந்தார். தமிழின் புகழ்மிக்க கதையாசிரியர் ஒருவர் பயிற்சி பெற்ற களங்களுள் மதுவிலக்குப் பிரசாரமும் ஒன்று.

1937ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளன்று மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். அதனால் ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் செலுத்தும் வரியின் முன்னோடி, சேலம் மாவட்டத்துக் கள்ளுக்கடைகள் மூடப்பட்டதன் விளைவு என்பதைப் பலர் அறியார்.

அதன்பின் வந்த வரலாறு பலரும் அறிந்ததே. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டது, 1981இல் மீண்டும் தளர்த்தப்பட்டது. 1987 முதல் கள் விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது. 2003 முதல் மது சில்லறை விற்பனையை அரசு நிறுவனமாகிய டாஸ்மாக்கே நடத்துகின்றது. இவ்வாறு, ஆலையில் வடித்துப் புட்டியில் அடைத்த மது அரசின் கடையில் கிடைக்கின்றது. நிலத்தில் விளைந்து கையால் ஆக்கப்படுவது குற்றமாகின்றது. பிற மாநிலங்கள் வேறு வழியில் சென்றுள்ளன. முந்திரிப் பழத்திலிருந்து வடிக்கும் கோவாவின் பெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. பெங்களூரில் 2010க்குப் பின் அங்கேயே வடித்து அங்கேயே பரிமாறும் சிறு பீர் வடிப்பகங்கள் பல தோன்றின. நகரத்தில் அது நாகரிகம் எனப்படுகின்றது. மலையில் அதே செயல் வழக்கிற்குரியதாகின்றது.

இங்கு ஒரு சட்ட நுணுக்கத்தையும் சுட்ட வேண்டும். 1996ஆம் ஆண்டில் நிறைவேறிய பட்டியல் பகுதிகளுக்கான பஞ்சாயத்து நீட்டிப்புச் சட்டம், போதைப் பொருளை விலக்கவோ ஒழுங்குபடுத்தவோ பழங்குடிகளின் கிராம சபைக்கு அதிகாரம் அளிக்கின்றது. ஆனால் அது அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் அடங்கிய பகுதிகளுக்கே உரியது. தமிழகத்தில் அத்தகைய பகுதி ஒன்றும் இல்லை. ஆகவே கொல்லிமலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள், தம் ஊரில் மது வேண்டுமென்றோ வேண்டாமென்றோ தாமே முடிவு செய்யும் உரிமையை அச்சட்டத்தால் பெற்றிலர்.

இவ்வாறு கூறுவதால் மதுவை நான் போற்றுவதாக எவரும் கருதலாகாது. 1990களின் தொடக்கத்தில் ஆந்திர நாட்டு நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயத்தை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்ததை நாம் கண்டோம். 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைப் பருகி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடியால் அழிந்த குடும்பங்களின் கண்ணீரை வகுப்பறையில் மாணவிகளின் முகத்திலேயே பலமுறை கண்டிருக்கிறேன். என் தயக்கத்திற்கு அதுவும் ஒரு காரணம். எனினும் ஓரியின் வேரியையும் நஞ்சு கலந்த சாராயத்தையும் ஒரே சொல்லால் அழைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆக்கியவர் யார், எதிலிருந்து ஆக்கினர், யாருடன் இருந்து பருகினர் என்பனவற்றை நோக்கியே வேறுபாட்டை உணர வேண்டும். வேரியைத் தேன் என்று மாற்றி எழுதுவதால் மாணவரைக் குடியிலிருந்து காத்துவிட இயலாது. பாடலின் உண்மையை மட்டுமே நாம் இழப்போம்.

கூழ்ப்பானை

விழாவின் மது வேறு. அன்றாடப் பருகுபொருள் வேறு. மலைமக்களின் அன்றாட வாழ்வில் மூங்கிலைவிடப் பெரிய இடம் கூழ்ப்பானைக்கே உரியது. கேழ்வரகு மாவை நீரில் கரைத்து ஓரிரவு புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யுடன் சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் மோரும் உப்பும் இட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு பருகுவது தமிழக உழவர் அனைவர்க்கும் பொது. பெரும்பாணாற்றுப்படையின் சாடியும் கூழ்ப்பானையும் ஒரு வகையில் உடன்பிறப்புகளே. ஒன்றில் முளை சேர்வதால் தானியம் மதுவாகின்றது. மற்றொன்றில் முளையின்றிப் புளிப்பு மட்டும் ஏறி உணவாகின்றது.

கொல்லிமலை சிறுதானியங்களின் கருவூலம். சாமையில் மட்டும் மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை, கருஞ்சாமை எனப் பல இனங்கள் இங்குப் பயிராயின. தினை, வரகு, பனிவரகு, கேழ்வரகு என்பனவும் உண்டு. இவை குன்றியதற்குக் காரணம் இரண்டு. முதலாவது மரவள்ளி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து சவ்வரிசி வருவது தடைப்பட்டபோது, சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி ஆக்கும் தொழில் வேரூன்றியது. பின்னர் மலைக்குச் சாலை ஏறியபோது அக்கிழங்கும் சாமைப் புனத்தில் ஏறியது. கிழங்கு பணம் தந்தது. சாமை சோறு மட்டுமே தந்தது.

இரண்டாவது காரணத்தை ஆடவர் எழுதிய வரலாறுகள் பெரும்பாலும் கூறுவதில்லை. சாமையின் உமியை நீக்க அதனை உரலில் இட்டு நெடுநேரம் குத்த வேண்டும். அவ்வேலை முழுவதும் பெண்களுடையது. நாள் முழுதும் புனத்தில் உழைத்துவிட்டு மாலையில் உலக்கை பிடிக்கும் பெண், நியாயவிலைக் கடை அரிசி கிடைத்தபோது அதனை ஏற்றதில் குறைகாண யாருக்கும் உரிமையில்லை. 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் பணியாற்றியபோது, விதைகளைக் காப்பதோடு நில்லாமல் உமி நீக்கும் எந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டு சென்றது. உலக்கையின் சுமை குறைந்தாலன்றிச் சாமை மீளாது என்பதை அது உணர்ந்திருந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின் நகர உணவகங்களில் கம்பங்கூழும் சாமைக் கஞ்சியும் மதிப்புப் பெற்றுள்ளன. உலக்கை பிடித்த கைகளுக்கு அம்மதிப்பில் எத்துணைப் பங்கு சென்றது என்பது நாம் எழுப்ப வேண்டிய வினா.

காப்பி வந்த வழி

காப்பி இம்மலைக்குப் புதிது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்னும் இசுலாமியத் துறவி மோக்காவிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து கருநாடகத்துச் சந்திரகிரி மலையில் ஊன்றினார் என்பது மரபுவழிச் செய்தி. தமிழகத்தில் சேர்வராயன் மலையில் காப்பியைப் புகுத்தியவர் 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன். ஏற்காட்டின் குளிர்ச்சி வெள்ளையரை ஈர்த்தது. அங்குப் பெருந்தோட்டங்கள் தோன்றின. கொல்லிமலையோ குளிர்காய்ச்சலுக்குப் பேர்போனது. அதனால் வெள்ளையர் இங்குக் குடியேற அஞ்சினர். கொசு இம்மலையைப் பெருந்தோட்டக்காரரிடமிருந்து காத்தது என்று சொன்னால் நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும் அதில் உண்மை இல்லாமலில்லை. இன்று இங்குக் காப்பி பெரிதும் மலைமக்களின் சிறு நிலங்களில், சவுக்கு மர நிழலில், மிளகுக் கொடியோடு சேர்ந்து வளர்கின்றது. ஈண்டுச் சவுக்கு எனப்படுவது சில்வர் ஓக் மரம்.

காப்பியின் பெயரால் தமிழர் பட்ட துயரமும் பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். 1869இல் அங்குத் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுகளில் காப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. கூலிகளாகச் சென்றவர் தேயிலைக் கூலிகளாயினர். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களிலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி நீராகாரத்தை விரட்டி அடுக்களையைக் கைப்பற்றியது. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் (2000) அவ்வரலாற்றைச் சுவைபடத் தந்துள்ளார். கள்ளை இழிவென்று ஒதுக்கிய குடும்பங்கள் காப்பியை உயர்வின் அடையாளமாகப் போற்றின. பருகுபொருளுக்கும் சாதிக்கும் வகுப்புக்கும் உள்ள தொடர்பை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

கோடை மழை ஒன்று பெய்தவுடன் காப்பிச் செடி மல்லிகைபோல் வெண்மையாகப் பூக்கும். அப்பூ மழை தவறினால் அவ்வாண்டு விளைச்சல் குன்றும். மழைக்காலத்தின் இறுதியில் கனிகள் சிவக்கும். கனிந்தவற்றை மட்டும் தெரிந்து பறித்து, அன்றே தோல் நீக்கி, புளிக்கவைத்துக் கழுவி உலர்த்தினால் நல்ல விலை கிடைக்கும். அதற்கு நீரும் கருவியும் இடமும் வேண்டும். அவை இல்லாத சிறு விவசாயி கனியை அப்படியே வெயிலில் உலர்த்திச் செர்ரியாக விற்கின்றார். தேறலைப் போலவே காப்பியின் சுவைக்கும் நொதித்தல் துணைசெய்கின்றது என்பது இங்கு நினைக்கத்தக்கது. விலை மட்டும் மலையில் அமைவதில்லை. 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி விளைச்சலைக் காப்பி வாரியமே திரட்டி விற்றது. அம்முறை 1990களில் படிப்படியாகத் தளர்ந்து 1996இல் முடிவுற்றது. அதன்பின் நியூயார்க்குச் சந்தையே அராபிகாக் காப்பியின் விலையை வகுக்கின்றது. பிரேசிலில் உறைபனி விழுந்தால் கொல்லிமலையில் விலை ஏறும்; அங்கு விளைச்சல் பெருகினால் இங்கு விலை சரியும். ஓரிக்குத் தன் வேரியின் மதிப்பைக் கூற அயலார் எவரும் தேவைப்படவில்லை.

ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்குப் பழங்குடியினர் விளைவிக்கும் காப்பி 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. குடகு, வயநாடு, சிக்கமகளூர், பாபா புடன் கிரி ஆகியவற்றின் காப்பிகளும் அவ்வாண்டே அதனைப் பெற்றன. அப்பட்டியலில் கொல்லிமலை இல்லை. இம்மலையின் கொட்டை பெரும்பாலும் அடிவாரத்தில் பிற மலைகளின் கொட்டையோடு கலந்து தன் பெயரை இழந்துவிடுகின்றது.

நிறைவாக

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாணவியின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். முற்றத்தில் காப்பிக் கனிகள் உலர்ந்துகொண்டிருந்தன. அவள் அன்னையார் எனக்கு வெல்லம் இட்ட வரக்காப்பி தந்தார். "இந்தக் கொட்டையா?" என்று கேட்டேன். "இல்லைங்க, இது கடையில் வாங்கிய தூள். நம்மது காய்ந்ததும் விற்றுவிடுவோம்" என்றார். அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அடுப்பருகே ஒரு பானையில் கூழ் இருந்தது. நான் வந்திருப்பதால் அதனை எனக்குத் தருவதற்கு அவர் கூசினார் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். கேட்டு வாங்கிப் பருகினேன்.

வேரியைச் சொல்ல நான் கூசினேன். கூழைத் தர அவர் கூசினார். தன் நிலத்தில் விளைந்ததை வந்தவர்க்குத் தயக்கமின்றி எடுத்துக் கொடுத்த ஓரியின் மலையில் இவ்விரு கூச்சங்களும் எவ்வாறு நுழைந்தன என்பதே இக்கட்டுரையில் நான் தேடிய வரலாறு. சட்டமும் சந்தையும் ஒழுக்கமும் கல்வியும் அதில் பங்கு கொண்டுள்ளன. என்போன்ற ஆசிரியர்க்கும் அதில் பங்குண்டு.

இனிச் செய்யத்தக்கவை சில உள. மலைப்பெண்கள் சாமைக்கும் கூழுக்கும் வழங்கும் சொற்களையும், காப்பித் தொழிலில் அவர்கள் ஆக்கிக்கொண்ட சொற்களையும் திரட்ட வேண்டும். பழங்குடி முதியோர் நினைவிலுள்ள பருகுபொருட் செய்முறைகளை, குற்றம் காணும் நோக்கின்றிப் பதிவுசெய்ய வேண்டும். பத்தாண்டு நிறைவு கண்ட இவ்விலக்கிய வட்டத்தின் இளைய உறுப்பினர் இப்பணியை மேற்கொள்வாராயின் அது சங்க இலக்கிய ஆய்வுக்கும் துணையாகும். நான் செய்யக்கூடிய சிறு பணியைத் தொடங்கிவிட்டேன். 152ஆம் பாடலை இப்போது நிறுத்தியே படிக்கிறேன். வேரி என்ற இடத்தில் மது என்றே பொருள் சொல்கிறேன்.